போர்க்கால உக்ரைனில் சுரங்கத்திலும் மின்பாதையிலும் பெண்கள்: வேலை கிடைத்தது, நிலைக்குமா?

கேள்வி இது: போர் வந்தபின் உக்ரைனின் நிலக்கரிச் சுரங்கங்களிலும் மின்துறையிலும், அதுவரை ஆண்கள் மட்டுமே செய்துவந்த வேலைகளில் பெண்கள் சேர்ந்திருக்கிறார்களாம். இதைப் பாலினச் சமத்துவம் என்று சொல்லலாமா? நடைமுறையில் என்னதான் மாறியிருக்கிறது?

வேலை திறந்தது உண்மை. ஆனால் அதைத் திறந்த சட்டத்திலேயே 'போர்க்காலம் வரை' என்று எழுதியிருக்கிறது. அதனால் எத்தனை பெண்கள் உள்ளே போனார்கள் என்ற கணக்கை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். எந்த ஒப்பந்தத்தில் போனார்கள், எந்தத் தகுதிச் சான்றோடு போனார்கள், போட்டுக்கொண்ட கையுறை கைக்குப் பொருந்தியதா, ஷிப்ட் முடிந்தால் குளிக்க இடம் இருந்ததா என்பதையும் பார்க்க வேண்டும்.

முதலில் சட்டம், ஏனென்றால் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. 1993 டிசம்பரில் உக்ரைன் சுகாதார அமைச்சகம் 256-ஆம் எண் ஆணையாக ஒரு பட்டியல் போட்டது. பெண்களை வைத்துச் செய்யக்கூடாத வேலைகள் என்று 450-க்கும் மேற்பட்டவை அதில் இருந்தன. சோவியத் காலப் பட்டியலின் வாரிசு அது. 2017-இல் அந்த ஆணையை ரத்து செய்தார்கள். எல்லாக் கதவும் திறந்துவிட்டது என்று பலர் அப்போது எழுதினார்கள். அது தவறு. பட்டியல்தான் போனது. தொழிலாளர் சட்டத் தொகுப்பின் 174-ஆம் பிரிவு அப்படியே இருந்தது. கடினமான வேலை, தீங்கான அல்லது ஆபத்தான சூழலில் செய்யும் வேலை, நிலத்தடி வேலை ஆகிய மூன்றிலும் பெண்களை ஈடுபடுத்தக் கூடாது என்பது அந்தப் பிரிவு. உடலுழைப்பு இல்லாத நிலத்தடி வேலை, சுகாதாரச் சேவை போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆணை போய்ச் சட்டம் நின்றால் எந்தச் சுரங்க மேலாளரும் கையெழுத்துப் போடமாட்டார்.

2022 பிப்ரவரி 24 அன்று முழுப் போர் தொடங்கியது. மூன்றே வாரத்தில், மார்ச் 15 அன்று, போர்க்காலத் தொழிலாளர் உறவுகள் பற்றிய 2136 எண் சட்டம் நிறைவேறியது. அதன் 9-ஆம் பிரிவுதான் விஷயம். போர்ச்சட்டம் (போரை முன்னிட்டு நாடு முழுவதும் அறிவித்த ராணுவச் சட்டநிலை) அமலில் இருக்கும் காலத்தில், கர்ப்பிணிகளும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை உள்ளவர்களும் தவிர, மற்றப் பெண்களை அவர்களின் சம்மதத்தோடு மேற்சொன்ன மூன்று வகை வேலைகளிலும் ஈடுபடுத்தலாம். 174-ஆம் பிரிவை அது நீக்கவில்லை. போர் முடியும்வரை ஒதுக்கி வைத்தது. இந்த வேறுபாடு வக்கீல்களின் சொல் விளையாட்டு இல்லை என்பது ஒப்பந்தம் பற்றிப் பேசும்போது புரியும்.

இன்னொரு முடிச்சு எடை. 1993-இலேயே வந்த வேறோர் ஆணை (எண் 241), ஒரு பெண் கையால் தூக்கும் சுமைக்கு உச்சவரம்பு வைத்தது. மற்ற வேலைகளுக்கு நடுவே, மணிக்கு இரண்டு தடவைக்கு மிகாமல் தூக்குவதென்றால் 10 கிலோ. ஷிப்ட் முழுக்கத் தூக்கிக்கொண்டே இருக்கும் வேலையென்றால் 7 கிலோ. 9-ஆம் பிரிவு எடையைப் பற்றி வாய் திறக்கவில்லை. வேலைக்குச் சேர்க்கலாம், ஆனால் அந்த வேலையின் கருவியைத் தூக்கச் சொல்லலாமா என்பது மேற்பார்வையாளரின் தலையில் விழுகிறது. போர்முனைக்கு அருகே பழுது பார்க்கப் போகும் மின்குழு போட்டுக்கொள்ளும், தகடு வைத்த குண்டுதுளைக்காத அங்கியே கிட்டத்தட்ட 10 கிலோ இருக்கும்!

எடை வரம்பு கேலிக்குரியது என்று நான் சொல்லவில்லை. முதுகெலும்புக்கு ஆண் பெண் தெரியாது. 110 கிலோவோல்ட் பாதையில், மின்கம்பியைக் கம்பத்தில் மின்சாரம் ஏறாமல் தாங்கும் ஓர் இன்சுலேட்டர் சரத்தில் ஏழு, எட்டுக் கண்ணாடித் தட்டுகள் இருக்கும். ஒரு தட்டு சுமார் மூன்றரை கிலோ, ஆக ஒரு சரம் 25 கிலோ அளவுக்கு வரும். அதைக் கம்பத்தின் மேல் ஒருவர் கையால் தூக்கி மாட்டுவது ஆணுக்கும் தப்பான முறைதான். கயிறு, கப்பி, கீழே இழுக்க இரண்டு பேர் என்பதுதான் சரியான வழி. ஆள் நிறைய இருந்த காலத்தில் கப்பியை வண்டியிலேயே விட்டுவிட்டுத் தோளில் சுமந்தார்கள். இளைஞர்கள் போர்முனைக்குப் போனபின், மிச்சமிருக்கும் ஐம்பது வயது லைன்மேனுக்கும் புதிதாக வந்த பெண்ணுக்கும் சேர்த்து அந்தக் கப்பி தேவைப்படுகிறது. பெண்களுக்காக முறையை மாற்றுகிறோம் என்று சொல்லும் நிறுவனங்கள் பல நேரம் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைத்தான் செய்கின்றன.

இனிச் சுரங்கம். த்னிப்ரோபெட்ரோவ்ஸ்க் மாநிலத்தில், பாவ்லோஹ்ராத் நகரைச் சுற்றி மேற்கு டான்பாஸ் நிலக்கரி வயல் இருக்கிறது. டிடெக் என்ற தனியார் மின்நிறுவனத்தின் சுரங்கங்கள் அங்கே உள்ளன. அனல்மின் நிலையங்களுக்குப் போகும் கரியில் பெரும்பகுதி அங்கிருந்துதான். நிறுவனத்தின் சுரங்கத் தொழிலாளர்களில் ஆயிரக்கணக்கானோர் ராணுவத்துக்குப் போனார்கள். 2023 இறுதிக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் அங்கே நிலத்தடியில் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

அங்கே கரிப் படுகை மெல்லியது, ஒரு மீட்டர் அளவுதான். கரி வெட்டும் முகப்பில் ஊர்ந்துதான் போக வேண்டும். பெண்கள் பெரும்பாலும் அந்த முகப்பில் இல்லை. கன்வேயர், பம்பு, சுரங்க ரயில் எஞ்சின், காற்றோட்டம், வாயு அளவு என்று முகப்புக்குப் பின்னால் உள்ள வேலைகளில் இருக்கிறார்கள். இவற்றை 'லேசான வேலை' என்று எழுதும் செய்திகளைப் பார்த்தால் எரிச்சல் வரும். தசைக்கு லேசு, கவனத்துக்கு இல்லை.

கன்வேயர் பார்ப்பவரின் வேலை பொத்தானை அழுத்திவிட்டு உட்காருவது அல்ல. பெல்ட் ஓட்டும் உருளையில் வழுக்கினாலோ, கீழ் ரோலர் ஒன்று இறுகி நின்றாலோ உராய்வில் சூடேறும். கீழே சிந்திய கரித்தூள் குவிந்து அந்த ரோலரைத் தொட்டால் தீ. நிலத்தடியில் பெல்ட் தீ என்றால் நெருப்பைவிடப் புகைதான் ஆளைக் கொல்லும். காதால் ரோலரின் சத்தத்தையும் மூக்கால் ரப்பர் வாடையையும் பிடிக்க வேண்டும், நீளவாக்கில் ஓடும் அவசரக் கயிற்றை எந்த இடத்திலிருந்தும் எட்டி இழுக்க முடியவேண்டும். கயிறு சராசரி ஆணின் கை உயரத்துக்குக் கட்டியிருந்தால் குள்ளமான ஒருவர் தடுக்கி விழும்போது எட்டாது. இதற்கு மாற்றுச் செலவு கொஞ்சம் கம்பியும் சில கொக்கியும்தான், ஆனால் யாராவது அளந்து பார்த்தால்தான் தெரியும்.

எஞ்சின் ஓட்டுபவருக்குப் பிரேக் கணக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். சோவியத் காலத்திலிருந்து வரும் சுரங்க விதிப்படி சரக்கு வண்டி 40 மீட்டருக்குள், ஆட்களை ஏற்றிய வண்டி 20 மீட்டருக்குள் நிற்க வேண்டும். தண்டவாளத்தில் ஈரமும் கரிச்சேறும் இருந்தால் அந்த மீட்டர்கள் சட்டென்று நீளும், அதனால் மணல் போடும் கருவி வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு ஷிப்டிலும் பார்க்க வேண்டும். வாயு அளப்பவருக்கு மீத்தேன் எண்கள்: முகப்பிலிருந்து வெளியேறும் காற்றில் 1 சதவீதம், மூலையில் தேங்கியதில் 2 சதவீதம். தாண்டினால் மின்சாரத்தை வெட்டி ஆட்களை வெளியேற்ற வேண்டும். உற்பத்தி நிற்குமே என்று குழுத்தலைவர் முகம் சுளிப்பார். புதிதாக வந்த பெண் அந்த இடத்தில் 'நிறுத்து' என்று சொன்னால் அது செல்லுபடியாகுமா என்பதுதான் சமத்துவத்துக்கான நிஜப் பரீட்சை. அந்த அதிகாரத்தை எழுத்தில் கொடுத்து, முதல் தடவை அவர் நிறுத்தும்போது மேலாளர் அவர் பக்கம் நின்றால், இரண்டாம் தடவை வாக்குவாதம் வராது.

பம்பு வேலையின் தீவிரம் போரில் கூடிவிட்டது. 2022 அக்டோபர் 10 முதல் மின்கட்டமைப்பின் மேல் பெருந்தாக்குதல்கள் தொடங்கின. துணைமின் நிலையம் ஒன்று விழுந்தால் சுரங்கத்தில் மூன்று விஷயங்கள் சேர்ந்து நிற்கும்: ஆட்களைத் தூக்கும் லிஃப்ட், காற்றுவிசிறி, பம்பு. விசிறி நின்றால் மீத்தேன் சேரும், பம்பு நின்றால் தொட்டி நிரம்பும். அதனால் மின்சாரம் போன கணத்தில் யார் எங்கே போக வேண்டும், எந்தப் பம்பை முதலில் எடுக்க வேண்டும், நிரம்ப எத்தனை நிமிடம் ஆகும் என்பது பம்பு ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏணிவழியில் நூற்றுக்கணக்கான மீட்டர் ஏற வேண்டி வரலாம். உடல் தகுதி பார்க்க வேண்டுமென்றால் சேர்க்கும்போது இந்த ஏற்றத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும். மூட்டை தூக்கச் சொல்லிப் பார்ப்பது இந்த வேலைக்குப் பொருந்தாத தேர்வு.

உபகரணத்துக்கு வருகிறேன். ஆண் உடலுக்கு அளவெடுத்த சாதனங்களைப் பெண்ணுக்குக் கொடுப்பது வெறும் அசௌகரியம் என்று நினைக்கிறார்கள். உயிர்ப் பிரச்சினை அது. மின்காப்புக் கையுறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜீரோ வகை கையுறை 1,000 வோல்ட் வரைக்கும். அதன் அளவு பெரிதாக இருந்தால் விரல்நுனியில் ரப்பர் மடிந்து தொங்கும், சின்ன நட்டைப் பிடிக்க முடியாது, பிடிக்க முடியாதவர் 'ஒரு நிமிஷம்தானே' என்று கையுறையைக் கழற்றுவார். விபத்து அறிக்கையில் 'பாதுகாப்புச் சாதனம் அணியவில்லை' என்று எழுதுவார்கள். கிடங்கில் பத்து, பதினொன்று அளவு மட்டுமே இருந்தது என்று எழுதமாட்டார்கள். கொள்முதலில் எட்டு, எட்டரை அளவைத் தனி வரியாகச் சேர்க்காவிட்டால் ஒப்பந்ததாரர் வழக்கமான அளவையே அனுப்புவார்.

கரித்தூசிக்கான அரைமுக மாஸ்க்கும் இப்படித்தான். முகம் சிறியதென்றால் மூக்கோரம் இடைவெளி விழும், வடிகட்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தூசி பக்கவாட்டில் போகும். கசிவுச் சோதனை செய்து அளவு தேர வேண்டும். உயரத்தில் மாட்டும் பெல்ட்டில் மார்புப் பட்டையின் இடமும் தொடைப் பட்டையின் நீளமும் சரியில்லாவிட்டால், விழுந்து தொங்கும்போது பட்டை கழுத்துப் பக்கம் ஏறும். சுரங்கத்தில் ஒவ்வொருவரும் இடுப்பில் சுமக்கும் ஆக்ஸிஜன் தற்காப்புக் கருவி சுமார் 3 கிலோ; அதோடு விளக்கு மின்கலம். அதைக் குறைக்க முடியாது, பெல்ட்டை இடுப்பெலும்பின் மேல் உட்காரும்படி மாற்றலாம்.

அதைவிடச் சாதாரணமான விஷயம் குளியலறை. சுரங்கத்தில் சுத்த உடைப் பகுதி, நடுவில் ஷவர், அப்பால் அழுக்கு உடைப் பகுதி என்று ஒரே வரிசையாகக் கட்டியிருப்பார்கள். எல்லாம் ஆண்களுக்கு என்ற கணக்கில் கட்டியது. பத்துப் பெண்கள் சேர்ந்தால் மேலே விளக்கு அறையிலும் கரி பிரிக்கும் பிரிவிலும் வேலை பார்க்கும் பெண்களின் சிறிய அறையில் தள்ளிவிடுவார்கள். நாற்பது பேர் ஆனதும் ஷிப்ட் முடிந்து ஒரு மணி நேரம் வரிசை, வீட்டுக்குப் போகும் பேருந்து போய்விடும். பேருந்து போனால் நிறுவன வண்டி வரும்வரை காத்திருக்க வேண்டும், நள்ளிரவு ஊரடங்கு வேறு. நிலத்தடியில் கழிப்பறை இல்லை என்பதால் தண்ணீர் குடிக்காமல் ஆறு மணி நேரம் இருப்பார்கள். கோடையில் அது சிறுநீர்ப்பாதைத் தொற்றில் முடியும். எடுத்துச் செல்லும் கழிப்பறைப் பெட்டி, பூட்டும் திரை, அதைக் காலிசெய்ய ஒரு முறை, இவ்வளவுதான் தேவை. விளம்பரப் படத்தில் வராத செலவு என்பதால் கடைசியில் வரும்.

மின்பக்கம் நிலைமை வேறு. சோவியத் மரபில் துணைமின் நிலையப் பொறுப்பு, ரிலே பாதுகாப்பு (பழுது வந்தால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் அமைப்பு), நீர் சுத்திகரிப்பு, எண்ணெய்ப் பரிசோதனைக்கூடம் ஆகியவற்றில் பெண்கள் முன்பே நிறைய இருந்தார்கள். மேல்மட்டமும் முழுக்க மூடியதல்ல. யூலியா திமோஷென்கோ 1999 முதல் 2001 வரை எரிபொருள், எரிசக்தி துணைப் பிரதமராக இருந்தார். 2020-இல் ஓல்ஹா புஸ்லாவெட்ஸ் பொறுப்பு அமைச்சர். 2025 ஜூலையில் ஸ்வித்லானா ஹ்ரின்சூக் எரிசக்தி அமைச்சரானார், அணுமின் நிறுவன ஊழல் விவகாரத்தில் நவம்பரிலேயே பதவி போனது. அமைச்சர் நாற்காலியில் பெண் உட்காருவது கம்பத்தில் ஒரு பெண் ஏறுவதைவிட எளிதாக நடந்த நாடு அது. ஏறிச் செய்யும் உயர்மின்பாதை வேலை பழைய தடைப் பட்டியல்களில் இருந்ததுதான் காரணம்.

இங்கே முட்டுவது தகுதி நிலை. உக்ரைனில் மின்பாதுகாப்புக்கு ஒன்றிலிருந்து ஐந்துவரை தகுதிக் குழுக்கள் உண்டு. 1,000 வோல்ட்டுக்கு மேற்பட்ட அமைப்பில் தனியாக ஷிப்ட் பார்ப்பவருக்கும் ஷிப்ட் தலைவருக்கும் நான்காம் குழு வேண்டும், மற்ற இயக்கப் பணியாளருக்கு மூன்றாவது. குழு ஏறுவதற்குக் கொஞ்சகாலச் செயலனுபவம், பயிற்சி ஷிப்ட், தேர்வு, பிறகு அனுபவசாலியின் பக்கத்தில் இரட்டையாளராக நின்று செய்வது, அதன்பின்தான் தனி அனுமதி. ஆள் பற்றாக்குறையில் அவசர அவசரமாக எடுக்கும்போது பெண்கள் இரண்டாம் குழுவிலேயே நின்றுவிடும் ஆபத்து இருக்கிறது. கருவி எடுத்துக் கொடுப்பார், வேலி கட்டுவார், பர்மிட்டில், அதாவது யார் யார் அந்த வேலையைச் செய்கிறார்கள் என்று எழுதிய அனுமதிச் சீட்டில், பெயர் வராது. பெயர் வராவிட்டால் அனுபவம் பதிவாகாது, பதிவாகாவிட்டால் மூன்றாம் குழுத் தேர்வுக்கு உட்கார முடியாது. இதைத் தவிர்க்க ஒரே வழி, சேர்ந்த நாளிலேயே எந்த மாதம் எந்தத் தேர்வு என்று எழுதிக் கொடுப்பது.

தேர்வைச் சுருக்கவும் கூடாது, காரணம் போர் புது ஆபத்துகளைக் கொண்டுவந்திருக்கிறது. நம்மூர் மின்வாரியத்தில் எல்.சி. (வேலைக்காகப் பாதையை நிறுத்திப் பெறும் அனுமதி) வாங்குவது என்கிறோமே, அதே வரிசைதான் அங்கும்: இணைப்பைத் துண்டி, திரும்பப் போட முடியாதபடி பூட்டி அட்டை மாட்டு, மின்சாரம் இல்லை என்று கருவியால் பார், எர்த் செய், பணியிடத்தைச் சுற்றி வேலி போடு. அந்த அட்டையின் வாசகம் 'ஆன் செய்யாதே, மனிதர்கள் வேலை செய்கிறார்கள்' என்றுதான் உக்ரைன் மொழியில் இருக்கிறது. ஆண்கள் என்று இல்லை. இந்த ஓர் இடத்தில் மட்டும் சமத்துவம் முதலிலிருந்தே இருந்திருக்கிறது. மின்வெட்டுக் காலத்தில் வீட்டுக்கு வீடு ஜெனரேட்டர் வந்துவிட்டது. சுவிட்ச் மாற்றாமல் யாராவது ஜெனரேட்டரை வீட்டு இணைப்பில் செருகினால், அந்த மின்சாரம் தெரு டிரான்ஸ்ஃபார்மர் வழியே தலைகீழாக ஏறி, துண்டித்த 10 கிலோவோல்ட் பாதையில் உயர் அழுத்தமாக வரும். மின்சாரம் வழக்கமாக வரும் பக்கம் மட்டும் எர்த் செய்து ஏறியவர் செத்துப்போவார். வேலை செய்யும் இடத்தின் இருபுறமும், கிளைகளிலும் எர்த் வேண்டும். இதெல்லாம் பாடத்தில் ஒரு வரியாகப் போய்விடும், இரட்டையாளர் ஷிப்டில்தான் கை பழகும்.

அதோடு குழு போவதற்கு முன் கண்ணிவெடி நிபுணர்கள் பாதையைப் பார்க்க வேண்டும். ஒரு தாக்குதல் நடந்த இடத்திலேயே, பழுது பார்ப்போர் வந்தபின் இரண்டாவது தாக்குதலும் நடக்கிறது. மின் ஊழியர்கள் நூற்றுக்கும் மேல் இப்போரில் இறந்திருக்கிறார்கள். இந்த ஆபத்து வேலைக்குப் பெண்ணை 'வர வேண்டாம்' என்று ஒதுக்குவதும், கேட்காமல் அனுப்புவதும் இரண்டும் தவறு. சட்டம் கேட்கும் சம்மதம் எழுத்தில், வேலைவாரியாக இருக்க வேண்டும். துணைமின் நிலைய வேலைக்குச் சம்மதித்தவர் எறிகணை வீச்சுக்குள் இருக்கும் பாதைக்கும் சம்மதித்ததாகக் கொள்ள முடியாது. மறுத்தால் ஆபத்துக்கான படித்தொகை போகும், வேலை போகக்கூடாது.

குழந்தை விஷயம் பெரிய தடை. உக்ரைனில் பள்ளியும் மழலையர் காப்பகமும் நேரடியாக நடக்க வேண்டுமென்றால் பதுங்குமிடம் வேண்டும். அதில் எத்தனை பிள்ளைகள் கொள்ளுமோ அவ்வளவுதான் ஒரு நேரத்தில். பாதி இடங்களில் முறைவைத்து வகுப்பு, அல்லது இணையவழி. கணவர் போர்முனையில், அம்மாவுக்குப் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். அதே 2136 சட்டம் முக்கியக் கட்டமைப்பு ஊழியருக்கு வார வேலைநேரத்தை 60 மணிவரை கூட்டவும் அனுமதிக்கிறது. சுரங்கம் போன்ற குறைந்த நேர வேலைகளில் 40 மணிவரை. இந்த நேரங்களோடு மாலை ஐந்துக்கு மூடும் காப்பகம் ஒத்துவராது. நிறுவன வளாகத்திலேயே பதுங்குமிடத்தோடு ஒரு குழந்தை அறை, இரவு ஷிப்டுக்கும் திறந்தது, இல்லாவிட்டால் பாட்டி இருக்கும் பெண்கள் மட்டுமே வேலைக்கு வருவார்கள்.

இப்போது ஒப்பந்தம். அதே 2136 சட்டத்தின் 2-ஆம் பிரிவு, ஆள் பற்றாக்குறையை நிரப்பப் புதியவர்களோடு குறித்த காலத்துக்கு மட்டுமான ஒப்பந்தம் போடலாம் என்கிறது: போர்ச்சட்டக் காலம் முழுவதற்கும், அல்லது தற்காலிகமாக இல்லாத ஒருவரின் இடத்தை நிரப்பும் காலத்துக்கு. மறுபக்கம், தொழிலாளர் சட்டத் தொகுப்பின் 119-ஆம் பிரிவு, ராணுவத்துக்குப் போனவரின் பணியிடத்தை அவருக்காக வைத்திருக்கச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் கணக்கு தெளிவு. திரும்பிவரும் வீரருக்கு அவர் இடம் கிடைக்க வேண்டும், அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் அவர் இடத்தில் உட்கார்ந்த பெண்ணின் ஒப்பந்தம் அதே நாளில் முடிகிறது. அதோடு போர்ச்சட்டம் முடிந்தால் 9-ஆம் பிரிவு போய் 174 திரும்பும். காலியாக இருக்கும் வேறொரு நிலத்தடிப் பணியிடத்துக்கும் அவரை மாற்ற முடியாது. வீரருக்கும் பெண்ணுக்கும் இடையே பகை மூட்டிவிடுகிறது இந்த அமைப்பு, இரண்டு பேர் மேலும் குற்றமில்லை.

ராணுவ விலக்கின் கணக்கும் இதில் ஓசையில்லாமல் வேலை செய்கிறது. முக்கியமானது என்று அறிவிக்கப்பட்ட நிறுவனம், ராணுவக் கடமைக்கு உட்பட்ட தன் ஊழியர்களில் குறிப்பிட்ட பங்கை ராணுவ அழைப்பிலிருந்து விலக்கி வைத்துக்கொள்ளலாம். 2023 ஜனவரியின் அமைச்சரவைத் தீர்மானப்படி பொதுவிதி பாதி, சில துறைகளுக்கு அதைவிடக் கூடுதல். பெண் ஊழியர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள். எனவே நிறுவனத்துக்குப் பெண்ணைச் சேர்ப்பது லாபம்: நாளைக்கு அழைப்பாணை வராது. அதே சமயம், விலக்குக் கிடைக்கும் உயர்திறன் பணியிடங்களை ஆண்களுக்கு ஒதுக்கி வைத்து, எப்படியும் போய்விடக்கூடிய இடங்களில் பெண்களை நிரப்பும் போக்கும் இதிலிருந்தே வரும். சமத்துவ அறிக்கை படிக்கும்போது எத்தனை சதவீதம் பெண்கள் என்று பார்ப்பதைவிட, எந்தத் தரநிலையில் என்று பார்த்தால் விஷயம் வெளிவரும்.

சம்பளமும் அங்கேதான் பிரிகிறது. ஒரே தரத்துக்கு ஒரே விகிதம்தான், காகிதத்தில் வித்தியாசம் இல்லை. ஆனால் வெட்டு முகப்பின் சம்பளத் தரமும் டன் கணக்கு ஊக்கத்தொகையும் கன்வேயருக்குக் கிடையாது. உக்ரைனில் ஆண் பெண் ஊதிய இடைவெளி 2021-இல் 18.6 சதவீதம். 2030-க்குள் 13.6 ஆக்குவது என்று 2023 செப்டம்பரில் அரசு ஒரு தேசியத் திட்டம் ஏற்றது. மேற்பரப்பில் கிடைத்ததைவிட நிலத்தடியில் கூடுதல் கிடைப்பதால் சேரும் பெண்ணுக்கு வருமானம் கூடுகிறது, இடைவெளி மட்டும் வேறொரு தளத்தில் தொடர்கிறது.

இந்தக் கதவு திறந்து மூடுவது முதல் தடவை இல்லை. டான்பாஸிலேயே, 1943-இல் ஜெர்மானியரிடமிருந்து மீட்டபின் நீரில் மூழ்கிக் கிடந்த சுரங்கங்களைத் திரும்ப எழுப்பியதில் பெண்களின் பங்கு பெரிது. 1957 ஜூலையில் நிலத்தடி வேலையிலிருந்து அவர்களை விலக்கும் சோவியத் தீர்மானம் வந்தது. அவர்கள் குறைந்த சம்பளத்துக்கு மேலே வந்தார்கள். இந்தியாவிலும் இதே கதை உண்டு, நம்மில் பலருக்குத் தெரியாது. பெண்கள் நிலத்தடியில் வேலை செய்யக்கூடாது என்ற 1935-ஆம் ஆண்டின் 45-ஆம் சர்வதேசத் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 1938-இல் ஏற்றது. இரண்டாம் உலகப்போரில் நிலக்கரித் தட்டுப்பாடு வந்ததும் 1943-இல் தடையைத் தளர்த்தினார்கள். அகில இந்திய மாதர் மாநாடு எதிர்த்தது. அப்போது வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்த அம்பேத்கர், 1944 பிப்ரவரியில் மத்திய சட்டமன்றத்தில் இதை அவசரகால நடவடிக்கை என்று விளக்கினார். ஆண் பெண் இருவருக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி என்பது அங்கே நிலைநாட்டப்பட்டதையும் சுட்டிக்காட்டினார். 1946 பிப்ரவரியில் தடை திரும்பியது. பெண்கள் வெளியே வந்தார்கள். 2019-இல்தான், அதுவும் தொழில்நுட்ப, மேற்பார்வை, நிர்வாகப் பணிகளுக்கு, பகலில் மட்டும், இந்தியச் சுரங்கங்களின் நிலத்தடி பெண்களுக்குத் திறந்தது. அந்த 45-ஆம் உடன்படிக்கையை 2024 ஜூனில் சர்வதேசத் தொழிலாளர் மாநாடே ரத்து செய்துவிட்டது. இப்போது நடப்பில் உள்ளது 1995-இன் 176-ஆம் உடன்படிக்கை. அது ஆண் பெண் பார்க்காமல் சுரங்கத்தின் பாதுகாப்பை மட்டும் பேசுகிறது. ஆக, 174-ஆம் பிரிவைக் காப்பாற்ற சர்வதேசக் கடமை என்ற காரணம் இனி யாருக்கும் இல்லை.

கேள்விக்கு நேராகச் சொன்னால்: இது ஆள் பற்றாக்குறையில் பிறந்த வாய்ப்பு, சமத்துவமாக மாறலாம், இன்னும் மாறவில்லை. 9-ஆம் பிரிவில் உள்ளதை நிரந்தரச் சட்டத்துக்குக் கொண்டுபோவதும், எடை வரம்பை ஆண் பெண் என்று பிரிக்காமல் வேலைக்கும் தூக்கும் முறைக்கும் ஏற்ப வைப்பதும் நாடாளுமன்றத்தின் வேலை. வேலையில் இருக்கும் பெண் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, இன்றே சில காகிதங்களைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். தகுதிக் குழுச் சான்றின் நகல், பெயர் ஏறிய பர்மிட்டுகளின் பட்டியல், 'யாருக்குப் பதில்' என்பதையும் முடியும் தேதியையும் சொல்லும் ஒப்பந்தம். அதோடு பலர் கேட்டு வாங்காத ஒன்று: அந்தப் பணியிடத்தின் சூழல் மதிப்பீட்டு அட்டை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் அந்த மதிப்பீட்டில் அவர் பணியிடம் நிலத்தடியாக, தீங்கான சூழலாகப் பதிவாகியிருந்தால்தான் முன்கூட்டிய ஓய்வூதியத்துக்கான ஆண்டுகள் எண்ணப்படும். மேற்பரப்புப் பணியாளர் என்ற பெயரில் சேர்த்து, தினமும் கீழே அனுப்பினால், கரித்தூசி நுரையீரலில் சேரும், ஆண்டுகள் பதிவேட்டில் சேராது.